உப்பும் சோற்றுப் பொட்டலமும்

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் இல்லத்திலிருந்து ராஜாஜி தலைமையில் நூறு தொண்டர்கள் உப்புச் சட்டத்தை மீற வேதாரண்யத்துக்குப் புறப்பட்டனர். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகச் சுமார் 150 மைல் நடை. இந்த யாத்திரையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தலைவர்களைப் பேசுவார்கள். எனக்கோ அந்தச் சாலையோர மரங்களை விட்டு மனம் நகர மறுக்கிறது.

தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் சிறை என்று அறிவித்தார் தஞ்சை ஆட்சியர் தார்ன். எந்த மண்ணில் அப்படி அறிவித்தார்! இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் முதலாக, வழிநடைக்காரருக்கு இலை போடுவதற்கென்றே கட்டப்பட்ட சத்திரங்கள் மலிந்த மாவட்டம் அது. காங்கிரஸ் தீர்மானம் எதையும் அறியாத கிராமத்துக் குடும்பங்களுக்கும் இந்த உத்தரவு உறைத்தது. வாசலுக்கு வந்தவரைப் பசியோடு அனுப்பச் சொல்வதற்கு இவர் யார்? சோற்றைப் பொட்டலமாகக் கட்டி மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். பழைய சத்திரங்கள் பலவற்றில் சாதிக்கொரு பந்தி இருந்தது உண்மை. கிளையில் தொங்கிய சோற்றைச் சமைத்த கை எந்தச் சாதி என்று எவர் கண்டார்? அந்நிய ஆட்சி என்ற சொல்லின் பொருள் அந்த மக்களுக்குத் தம் வீட்டு அடுப்படியில்தான் விளங்கியது என்பது என் துணிபு.

கடலோரத்தில் அதையே உப்பு விளக்கியது. வேதாரண்யத்துச் சதுப்பில் வெயில் முற்றினால் உப்பு தானாகவே பூக்கும். சங்ககால உமணர் வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றிய பண்டம் அது. காலடியில் வெளுத்துக் கிடப்பதை அள்ளினால் குற்றம் என்ற சட்டத்தின் அநியாயத்தை அவ்வூராருக்கு மேடை போட்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏப்ரல் 30 அன்று அகத்தியம்பள்ளியில் உப்பள்ளிய ராஜாஜி கைதானார். தொண்டர்களுக்கு உள்ளூரில் துணைநின்ற வேதரத்தினம் பிள்ளையும் சிறை சென்றார்.

முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பனின் செய்கை இன்னும் நுட்பமானது. சவரம் செய்துகொண்டிருந்தபோது, முன்னால் அமர்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியை நிறுத்திவிட்டார். பாதிச் சவரத்தோடு அந்த ஆள் எழுந்து போனார்; வைரப்பன் சிறைக்குப் போனார். அவருக்கு இன்று வேதாரண்யத்தில் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது.