முகப்புச் சுவரில் கல் உதிர்கிறதா? சாயம் அடிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

பந்திங், கிள்ளான் வட்டாரங்களில் உள்ள பழைய தாமான்களில் கூழாங்கல் பதித்த முகப்புச் சுவர்களை இன்றும் காணலாம். கார் நிறுத்துமிடத் தூண், கேட் தூண், சன்னலுக்குக் கீழுள்ள சுவர் ஆகிய இடங்களில் இந்தப் பூச்சு அதிகம். தோட்டத்தை விட்டு வந்து, ஊழியர் சேமநிதிப் பணத்தில் வீடு வாங்கிய குடும்பங்களுக்கு அந்த வீடுதான் வாழ்நாள் சேமிப்பு.

இப்போது அத்தகைய சுவர்கள் பல பாசி படிந்து கறுத்து, கல் உதிர்ந்து நிற்கின்றன. தீபாவளி நெருங்கியதும் அதன் மேல் சாயம் அடித்து மறைப்பது வழக்கம். உள்ளே பூச்சு விட்டுப் போயிருந்தால், அடுத்த மழையில் சாயமும் கல்லும் சேர்ந்தே பெயர்ந்து விழும். பண்டிகைக்காகச் சேர்த்த பணமும் வீணாகும்.

எந்த வகைப் பூச்சு?

கூழாங்கல் பூச்சு இரண்டு வகைப்படும். ஈரமான சாந்தின் மேல் கற்களை வீசிப் பதிப்பது ஒன்று. இதில் கற்கள் துருத்திக்கொண்டு, தடவினால் சொரசொரப்பாக இருக்கும். சிமெண்டுடன் கல்லைக் கலந்து பூசி, பாதி இறுகியதும் தண்ணீரால் கழுவிக் கல்லை வெளியே தெரியவைப்பது மற்றொன்று. 'பெபல் வாஷ்' எனப்படும் இதில் சுவர் ஓரளவு சமமாக இருக்கும். கோலாலம்பூரின் பழைய கடைவீடுகளில் காணும் 'ஷங்ஹாய் பிளாஸ்டர்' இதற்கு நெருங்கிய முறை. பழுதுபார்க்கும்போது, முன்பு செய்த அதே முறையைப் பின்பற்றினால்தான் ஒட்டுப் போட்ட இடம் தனியாகத் தெரியாது.

தட்டிப் பார்த்தல்

சுத்தியலின் மரப்பிடியால் சுவரைக் கீழிருந்து மேலாக மெதுவாகத் தட்ட வேண்டும். கெட்டியான ஒலி வந்தால் பூச்சு நன்றாக உள்ளது. வெற்றுப் பானையைத் தட்டியது போல் ஒலித்தால், பூச்சு செங்கல்லை விட்டு விலகியிருக்கிறது. அந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக் கொள்ளலாம். சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படி இருந்தால், ஒட்டுப் போடுவதைவிட முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் பூசுவதே நல்லது. தலைக்கு மேலே உள்ள தளர்ந்த பூச்சை உடனே அகற்ற வேண்டும். பிள்ளைகள் விளையாடும் இடமென்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

தண்ணீர் வரும் வழி

பூச்சு விடுவதற்குப் பெரும்பாலும் தண்ணீரே காரணம். ஒழுகும் கூரைத் தண்ணீர்க் குழாய், சன்னல் ஓர விரிசல், சுவரை ஒட்டிக் குவித்த பூச்செடி மண் ஆகியவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். வெள்ளை உப்புப் பூத்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள்.

இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஸ்காட்லாந்தின் ஹெலன்ஸ்பரோ நகரில் உள்ள 'ஹில் ஹவுஸ்'. கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டொஷ் வடிவமைத்து 1904-ல் முடிக்கப்பட்ட இந்த வீட்டின் வெளிச்சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு பூசப்பட்டது. காலப்போக்கில் மழைநீர் உள்ளே இறங்கி வெளியேற வழியின்றித் தேங்கியது. சுவர் காய்வதற்காக 2019-ல் வீடு முழுவதையும் மூடி, கூரையோடு கூடிய இரும்பு வலைக்கூடம் எழுப்ப வேண்டியதாயிற்று.

கழுவுதல்

கறுப்பு மட்டுமே குறையென்றால் கழுவினாலே பாதி அழகு திரும்பிவிடும். ஒரு பங்கு குளோரோக்ஸ் வகை வெளுப்பானுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் கழித்து மென்மையான தூரிகையால் தேய்த்து நன்றாக அலச வேண்டும். வெளுப்பானுடன் அமிலத்தையோ கழிவறை சுத்தம் செய்யும் திரவத்தையோ கலக்கவே கூடாது. நச்சு வாயு உண்டாகும். அழுத்தம் மிகுந்த தண்ணீர்ப் பீய்ச்சி, தளர்ந்த கற்களைப் பெயர்த்துவிடும்.

ஒட்டுப் போடுதல்

உதிர்ந்த கற்களை வீசிவிடாமல் கழுவி வைத்துக் கொள்ள வேண்டும். வன்பொருள் கடையில் அதே நிறமும் அளவும் கொண்ட கல்லைத் தேட அவையே மாதிரி.

விட்டுப்போன பகுதியைக் கெட்டியான ஓரம் வரை நேராக வெட்டி எடுத்து, தூசியைத் துடைத்து, செங்கல்லை நனைக்க வேண்டும். வெட்டும்போது முகமூடி தேவை. முதல் பூச்சுக்கு ஒரு பங்கு சிமெண்டு, நான்கு பங்கு மணல். அது இறுகும் முன் கீறல் போட்டு, சில நாள் காயவிட வேண்டும். பெபல் வாஷ் என்றால், ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு கல் கலந்து பூசி, விரல் வைத்தால் பள்ளம் விழாத பதத்தில் ஈரப் பஞ்சால் கழுவ வேண்டும். பிறகு மூன்று நாளாவது ஈரச் சாக்கு போட்டுக் காக்க வேண்டும்.

முதலில் ஒரு பலகையில் மாதிரி பூசிப் பார்ப்பது நல்லது. ஈரத்தில் நிறம் அடர்த்தியாகத் தெரியும் என்பதால், காய்ந்த பின்னரே பழைய சுவரோடு ஒப்பிட வேண்டும்.

சாயம் அடிக்கலாமா?

அடிக்கலாம். ஆனால் கல்லின் மேல் ஒருமுறை சாயம் ஏறினால் எளிதில் எடுக்க முடியாது. அதன் பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மேடு பள்ளமான சுவர் என்பதால் சாயமும் கூடுதலாகச் செலவாகும். அடிப்பதென்று முடிவு செய்தால், உள் ஈரத்தை வெளியேற விடும் வெளிச்சுவர்ச் சாயத்தைக் கேட்டு வாங்க வேண்டும். புதிய சிமெண்டுப் பூச்சு 28 நாளாவது காய்ந்திருக்க வேண்டும்.

எப்போது தொடங்குவது?

கிள்ளான் பள்ளத்தாக்கில் அக்டோபர், நவம்பரில் மழை அதிகம். தீபாவளியும் அப்போதுதான் வருகிறது. எனவே ஓரளவு வெயில் அடிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் பழுதுபார்ப்பை முடித்துவிட்டால், சாயத்திற்குப் போதிய காலம் கிடைக்கும். குத்தகையாளரிடம் கொட்டேஷன் கேட்கும்போது, தட்டிப் பார்த்து அகற்ற வேண்டிய பரப்பளவையும் அதில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். சுவரைத் தட்டிக்கூடப் பார்க்காமல் விலை சொல்பவர், மேலே சாயம் அடிப்பதற்கு மட்டுமே விலை சொல்கிறார்.