பெயருக்கு விதித்த எல்லை

ஒருவருடைய பெயர் அவருக்கே உரியது. ஆயினும் அப்பெயரை எழுதிவைக்கும் ஏடு பிறருடையது. பள்ளிக்கூட இடாப்பிலும் அரசாங்கப் பதிவேட்டிலும் பெயருக்கென ஒதுக்கிய இடம் எவ்வளவோ, அவ்வளவுக்குள்ளேயே பெயர் அடங்கவேண்டும். கையால் எழுதிய காலத்தில் இடம் போதாதவிடத்து, எழுதுவோர் எழுத்துக்களை நெருக்கியேனும் பெயரை முழுமையாக எழுதிவிடுதல் கூடும். கணினியோ அத்தகைய இரக்கத்தை அறியாது. இத்தனை குறிகள் என்று விதித்துவிட்டால், அதற்குமேல் ஒன்றையும் அது ஏற்பதில்லை. அவ்வாறு விதிக்கப்பட்ட ஒரு சிறிய எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கன்சாஸ் மாநிலத்து லோரன்ஸ் நகரின் நாளிதழ் ஒன்றில் பணிபுரிந்த ஏட்ரியன் ஹொலொவட்டி, சைமன் வில்லிசன் என்னும் இருவர், இணையத்தளங்களை விரைந்து அமைப்பதற்கென 2003 ஆம் ஆண்டில் ஒரு சட்டகத்தை உருவாக்கத் தொடங்கினர். தளந்தோறும் வேண்டப்படும் பொது உறுப்புக்களை முன்னரே செய்து வைத்திருப்பதே சட்டகம் எனப்படும். கிற்றார்க் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் நினைவாக ‘ஜாங்கோ’ என்று பெயர்பெற்ற அது, 2005 யூலையில் யாவரும் இலவசமாகப் பயன்படுத்துமாறு வெளியிடப்பட்டது. பயனர் கணக்குகளைப் பேணும் பகுதியும் அதனுள் அடங்கியிருந்தது. முதற்பெயருக்கு 30 குறிகள், இறுதிப்பெயருக்கு 30, பயனர்பெயருக்கு 30 என்பது அப்பகுதியின் விதியாயிற்று.

ஆங்கிலப் பெயர்களுட் பெரும்பாலானவற்றுக்கு இவ்வளவு போதும். ஆனால், எல்லா மக்களும் ஒரே முறையிற் பெயரிடுவதில்லை. பல குடும்பப் பெயர்களைச் சேர்த்து வழங்குவோரும், தந்தை பெயரையும் தம் பெயரையும் இணைத்து எழுதுவோரும் உலகிற் பலர். எழுத்துமுறையும் ஒன்றன்று. ‘பாலசுப்பிரமணியம்’ என்பதைத் தமிழர் எண்ணினால் பத்து எழுத்துக்களே. கணினியோ உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுதலால், அதற்கு அது பதினாறு குறிகளாகும். அத்தகைய பெயர்கள் இரண்டை ஒரே புலத்தில் எழுதினால் முப்பது கடந்துவிடும். படிவமும் அதனை ஏற்க மறுத்துவிடும்.

முப்பதை நூற்றைம்பதாக்குவது எளிதெனத் தோன்றலாம். ஆனால் அவ்வெண், சட்டகத்தைக் கையாண்ட தளங்களின் தரவுத்தளங்கள் தோறும் பதிந்திருந்தது. ஒன்றை மாற்றினால் அத்தனையும் மாற்றப்படல் வேண்டும். ஆகவே மாற்றம் படிப்படியாகவே நிகழ்ந்தது. 2013 இல் வெளிவந்த 1.5 ஆம் பதிப்பு, தளம் அமைப்போர் பயனர் கணக்கைத் தாமே வகுத்துக்கொள்ள வழிசெய்தது. 2016 ஆகஸ்டில் வந்த 1.10 ஆம் பதிப்புப் பயனர்பெயரின் எல்லையை 150 ஆக உயர்த்தியது. 2017 டிசம்பரில் வந்த 2.0 ஆம் பதிப்பு இறுதிப்பெயருக்கும், 2020 ஆகஸ்டில் வந்த 3.1 ஆம் பதிப்பு முதற்பெயருக்கும் அதே அளவை வழங்கின. முதல் வெளியீட்டிலிருந்து கணக்கிட்டால், முதற்பெயர் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தது.

எல்லையை விரும்பியவாறெல்லாம் நீட்டவும் இயலவில்லை. ஒரே பயனர்பெயர் இருவருக்கு அமையாது காக்கும் சுட்டியைத் தரவுத்தளம் பேணவேண்டும். உலகத்து எழுத்துக்கள் யாவற்றையும் ஏற்கும்போது, மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தின் பழைய பதிப்புக்களின் வழக்கமான அமைப்பில் அச்சுட்டி 191 குறிகளுக்கு மேற் செல்லவில்லை. இயந்திரத்துக்கும் தன் வரம்பு உண்டு.

முப்பது என்னும் எண்ணை எழுதியோர் எவரையும் விலக்க எண்ணியதாகக் கொள்ள வேண்டியதில்லை. தம் கண்முன் இருந்த பெயர்களுக்கு ஏற்பவே அவர்கள் அளந்தனர் எனலாம். ஆயினும், கண்ணிற்படாத மனிதர் தம் பெயரைக் குறுக்கிக்கொள்ள நேர்ந்தது. ஓர் எண்ணை எழுத ஒரு கணம் போதும். அதனைத் திருத்தப் பல ஆண்டுகள் செல்லும். மனிதர் பெயருக்கு ஏடு அமையவேண்டுமேயன்றி, ஏட்டுக்குள் அடங்குமாறு பெயர் குறைதல் முறையாகாது.