ஜெஜெவுக்கு நாம கை தட்டி அனுப்பவே இல்ல

போன வாரம் ஊருக்கு, திருமுக்கூடலுக்குப் போயிருந்தேன். பாலாத்து மணல்ல பந்து உதைச்சிட்டிருந்த ஒரு பையன், வெளுத்துப்போன நீல ஜெர்சி போட்டிருந்தான். முதுகுல பேரு பாதி உரிஞ்சு 'ஜெ' மட்டும் மிச்சம். யாருடா இதுன்னு கேட்டேன். "தெரியாதுண்ணா, எங்க அண்ணனோட ஜெர்சி"ன்னான். அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்றேன்.

மிசோரம்காரர் ஜெஜெ லால்பெக்லுவா 2014-ல, ஐஎஸ்எல் ஆரம்பிச்ச வருஷமே சென்னையின் எஃப்சிக்கு வந்தார். 2015, 2018 ரெண்டு கோப்பை ஜெயிச்சப்பவும் டீம்ல இருந்தார். ஐஎஸ்எல்ல மட்டும் சென்னைக்காக 23 கோல். 2018 அரையிறுதி ஞாபகம் இருக்கா? நேரு ஸ்டேடியத்துல கோவாவை 3-0ன்னு அடிச்சோம். அதுல ரெண்டு இவரோடது. கோல் அடிக்க வெளிநாட்டு ஆட்டக்காரர்களையே நம்பியிருந்த லீக்ல இது சாதாரண விஷயமில்ல.

அப்புறம் முழங்கால் காயம். 2019-20 சீசன்ல ஒரு மேட்ச்கூட ஆடல. 2020-ல ஈஸ்ட் பெங்காலுக்குப் போயிட்டார். அது கொரோனா வருஷம் வேற. சீசன் முழுக்க கோவாவுல, காலி ஸ்டேடியத்துல நடந்துச்சு. எதிரணி ஜெர்சியில அவர் சென்னைக்கு வந்திருந்தாலும் மொத்த கேலரியும் எழுந்து நின்னிருக்கும். அதுக்கும் வழியில்லாமப் போச்சு.

2023-ல ஓய்வை அறிவிச்சார். அதே வருஷக் கடைசியில மிசோரம்ல தேர்தல்ல நின்னு ஜெயிச்சார். பையனுக்கு அதுதான் பிடிச்சது: "எம்எல்ஏவாண்ணா?"