இழுத்துப் பிடி!

1888, ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியில் மன்ஹைம் நகரம். கார்ல் பென்ஸ் தூங்கிக்கொண்டிருக்க, அவர் மனைவி பெர்த்தா சத்தம் போடாமல் எழுந்தார். 15 வயசில் ஒன்று, 13 வயசில் ஒன்று என்று இரண்டு பையன்களையும் கிளப்பிக்கொண்டார். கணவர் கண்டுபிடித்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே? அம்மா வீட்டுக்கு!

சண்டை ஒன்றும் இல்லை. ‘குதிரை இல்லாமல் ஓடுகிற வண்டியா? யார் வாங்குவார்கள்?’ என்று ஊர் தயங்கிக்கொண்டிருந்தது. ஓட்டிக் காட்டினால்தான் நம்புவார்கள் என்று பெர்த்தா முடிவு பண்ணினார். ஃபோர்ட்ஸ்ஹைம் ஊரிலிருந்த பிறந்த வீடு சுமார் 100 கிலோமீட்டர் தூரம். வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடைக்காரரிடம் துணிக்கறை போக்கும் திரவத்தை வாங்கி ஊற்றி ஓட்டினார். குழாய் அடைத்துக்கொண்டால், தொப்பி ஊசியால் குத்திவிட்டார். எல்லாம் சமாளித்தாகிவிட்டது. இறக்கம் வந்தபோதுதான் பிரச்னை.

அந்த வண்டியின் பிரேக் என்பது ஒரு மரக்கட்டை. நெம்புகோலைக் கையால் இழுத்தால், கட்டை போய்ச் சக்கரத்தை அழுத்தும். குதிரை வண்டிக் காலத்துச் சரக்கு. இறக்கத்தில் இழுத்து இழுத்துக் கட்டை தேய்ந்துபோனது. பெர்த்தா என்ன செய்தார் தெரியுமா? வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் வண்டியை நிறுத்தி, கட்டைமேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் பிறந்த கதை இதுதான் என்பார்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். நெடுஞ்சாலையில் நடந்த முதல் கை பிரேக் ரிப்பேரும் இதுதான்!

கவனித்தீர்களா? கார் பிறந்தபோது கை பிரேக்தான் பிரேக்கே. காலால் மிதிப்பதெல்லாம் பிற்பாடு வந்த வழக்கம்.

அடுத்து ஹென்றி ஃபோர்டின் மாடல் டி. 1908-லிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் விற்றுத் தள்ளிய ராட்சசன். அதில் கால் பிரேக் கியர்பெட்டிக்குள்ளே வேலை செய்யும். பின்சக்கர பிரேக்கைப் பிடிப்பது கையால் இழுக்கும் நெம்புகோல். அந்தக் காரை ஸ்டார்ட் பண்ண, எதிரே நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். குளிர் நாளில் உள்ளே எண்ணெய் கெட்டிப்பட்டுக் கிடக்கும். எஞ்சின் உயிர் பெற்றதும் கார் மெல்ல முன்னால் நகரப் பார்க்கும். முன்னால் நிற்பது யார்? காரின் சொந்தக்காரர்! நெம்புகோலை இழுத்துவிட மறந்தால் முதலாளி மேலேயே வண்டி ஏறும். அதனால் கை பிரேக்கைப் பார்க்காமல் யாரும் கைப்பிடியைத் தொட மாட்டார்கள். பயம்தான் அந்தப் பழக்கத்தை வளர்த்தது.

1921-ல் அமெரிக்காவின் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. விமானக் கம்பெனி புகழ் லாக்ஹீட் குடும்பத்தைச் சேர்ந்த மால்கம் உருவாக்கிய முறை. லேசாக மிதித்தால் போதும், குழாயில் இருக்கும் திரவம் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டுபோய்விடும். அப்புறம் எதற்குக் கை பிரேக்? தூக்கி எறிந்திருக்கலாமே?

எறியவில்லை. காரணம் சின்னது. திரவம் ஒழுகும். காற்றும் ஒழுகும். கம்பி ஒழுகாது. ஓடும் வண்டியை நிறுத்தக் கால். நின்ற வண்டியை நிற்கவைக்கக் கம்பி. அந்த இரண்டையும் தனித்தனியாக வைத்தார்கள். ஒன்று காலை வாரினாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும்.

இந்தச் சின்ன வித்தியாசத்தை மறந்தால் என்ன ஆகும்? அதற்கு நாம் கனடா போக வேண்டும்.

2013, ஜூலை 5 இரவு. கியூபெக் மாகாணத்தில் நாந்த் என்ற ஊர். 72 டாங்கர்களில் கச்சா எண்ணெய் ஏற்றிய ரயில் வந்து நின்றது. இழுக்க 5 எஞ்சின்கள். ஓட்டுநர் ஒரே ஒருத்தர். ரயிலிலும் ஒவ்வொரு பெட்டிக்கும் கையால் திருகும் பிரேக் உண்டு. அவர் 7 கை பிரேக்குகளைத் திருகினார். பிடிக்கிறதா என்று சோதித்தும் பார்த்தார். ரயில் அசையவில்லை. ஓர் எஞ்சினை மட்டும் ஓடவிட்டு, டாக்ஸி பிடித்து ஓட்டலுக்குத் தூங்கப் போனார்.

சோதனையில்தான் ஓட்டை. கை பிரேக் மட்டுமே ரயிலைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்பது விதி. அவர் சோதித்தபோது எஞ்சினின் காற்று பிரேக்கும் போட்டபடியே இருந்தது. ரயிலைப் பிடித்திருந்தது இரண்டும் சேர்ந்து.

அன்றிரவே அந்த ஓடும் எஞ்சினில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள், எஞ்சினை நிறுத்தினார்கள், தீயை அணைத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எஞ்சின் நின்றதும் காற்று அழுத்தம் தரும் கம்ப்ரஸரும் நின்றது. காற்று மெல்ல ஒழுக ஆரம்பித்தது. நள்ளிரவு ஒரு மணிக்குச் சற்று முன்னால், ரயில் தானாக நகர்ந்தது.

கீழே சுமார் 11 கிலோமீட்டர் இறக்கம். அதன் அடியில் லாக்-மெகான்டிக் என்ற சிறிய ஊர். மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஊர் நடுவே 63 டாங்கர்கள் தடம் புரண்டன. சுமார் 60 லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டிப் பற்றி எரிந்தது. 47 பேர் போய்விட்டார்கள். 40 கட்டடங்கள் சாம்பல்.

கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் துருவித் துருவி விசாரித்தது. அந்த ரயிலைப் பிடிக்கக் குறைந்தது 17 கை பிரேக்குகள் வேண்டும், 26 கூடத் தேவைப்பட்டிருக்கலாம் என்றது. தீப்பிடித்ததற்கும் காரணம் கண்டுபிடித்தது. 2012 அக்டோபரில் அந்த எஞ்சின் பழுதானபோது, முறையான ரிப்பேருக்கு நேரமும் செலவும் அதிகம் என்று, பசை மாதிரி ஒன்றைப் பூசி ஓட்ட அனுப்பியிருந்தார்கள். அது தாங்கவில்லை. ரிப்பேர் கணக்கில் மிச்சம் பிடித்தது சில ஆயிரமோ, லட்சமோ. அந்தச் செலவு எங்கே போய் எழுதப்பட்டது பாருங்கள்!

வாரியம் பட்டியலிட்ட காரணங்கள் மொத்தம் 18. ஒரே ஒருத்தர் தலையில் பழியைப் போட முடியாது என்பதே அதன் அர்த்தம். வழக்கில் நிறுத்தப்பட்ட மூன்று ஊழியர்களையும் 2018 ஜனவரியில் ஜூரிகள் விடுவித்தார்கள்.

சரி, 72 டாங்கர் ரயிலுக்கும் நம் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. கியரில் போட்டு நிறுத்துகிறோம். கூடவே கை பிரேக்கையும் சும்மா ஒரு இழுப்பு. கார் அசையாது. ‘ஆஹா, பிடிக்கிறது’ என்று சந்தோஷம். பிடிப்பது கியரா, கை பிரேக்கா? தெரியாது. அந்த ஓட்டுநர் செய்ததும் இதேதான்.

எதிரே ஆள் இல்லாத லேசான சரிவில் நிறுத்துங்கள். கால் பிரேக்கை மிதித்தபடி கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். கை பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை மெல்ல எடுங்கள். கார் நகர்ந்தால் மறுபடி மிதியுங்கள். மெக்கானிக்கிடம் போகும் நேரம் வந்துவிட்டது.

இழுக்கும்போது ‘கடக் கடக்’ என்று எத்தனை சத்தம் கேட்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். உங்கள் காருக்கு எத்தனை என்பது கையேட்டில் இருக்கும். எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், பிரேக் ஷூ தேய்ந்திருக்கலாம், கேபிள் நீண்டிருக்கலாம். அவசரத்தில் கேபிளை மட்டும் முறுக்கிவிட்டால் நெம்புகோல் டைட்டாகிவிடும், தேய்ந்த ஷூ உள்ளே அப்படியே இருக்கும். முதலில் ஷூவைப் பார்த்துச் சரிசெய்துவிட்டு, அப்புறம் கேபிளுக்கு வரச் சொல்லுங்கள். ‘தேயும் என்று நான் கை பிரேக்கே போடுவதில்லை’ என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். போடாமலே விட்டால் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து இறுகிவிடும். ஒருநாள் அவசரத்துக்கு இழுத்தால் வராது, வந்தால் திரும்பிப் போகாது.

இப்போது பல கார்களில் நெம்புகோலே இல்லை. ஒரு பட்டன்தான், மோட்டார் இழுத்துக்கொள்ளும். 2001-லேயே பி.எம்.டபிள்யூ 7 சீரிஸில் வந்த சமாசாரம். ஆனால் பட்டனுக்குப் பின்னாலும் தேய்கிற லைனிங் ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

இறக்கம் வந்ததும் தேய்ந்த கட்டையைக் குனிந்து பார்த்த பெர்த்தா, அம்மா வீடு போய்ச் சேர்ந்தார். நாமும் மாதத்துக்கு ஒருமுறை குனிந்து பார்க்கலாம்.