பிழை சுட்டவனிடமா, பொருத்திலா?

பத்திரிகைத் துறைக்கு நான் வந்த புதிதில், எங்கள் அலுவலகப் புகைப்படக்காரர் இரட்டை வில்லைக் கமரா ஒன்றை வைத்திருந்தார். மேல் வில்லை பார்ப்பதற்கு. கீழ் வில்லை படம் பிடிப்பதற்கு. ஒருநாள் அதை இரவல் வாங்கிச் சென்று, கூட்டமொன்றில் பேச்சாளரை மிக அருகில் நின்று படம் எடுத்தேன். கழுவிப் பார்த்தபோது பேச்சாளரின் தலையில் பாதியைக் காணவில்லை! "நீர் பார்த்தது ஒரு கண்ணால், கமரா பார்த்தது இன்னொரு கண்ணால். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை நீர் கணக்கில் எடுக்கவில்லை" என்று சிரித்தார் அவர்.

பல ஆண்டுகளின் பின்னர், முதலாம் உலகப் போரின் மேற்கு முனை பற்றிய நூல்களை வாசிக்கையில் அந்தப் பாதித் தலை மீண்டும் நினைவுக்கு வந்தது. அங்கே அதே பிழை துப்பாக்கியில் நேர்ந்திருந்தது.

1914ஆம் ஆண்டின் இறுதியில் இரு தரப்பினரும் அகழிகளுக்குள் முடங்கியபோது, சில நூறு மீற்றர் தூரத்தில் ஒரு கணம் மட்டும் தெரியும் தலையைக் குறிபார்த்துச் சுடுவோரின் கை ஓங்கியது. இவர்களையே 'சினைப்பர்' என்கிறோம். இச்சொல்லுக்கும் எங்கள் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ஆங்கில அதிகாரிகள், 'ஸ்னைப்' எனப்படும் உள்ளான் பறவையை வேட்டையாடியதிலிருந்து பிறந்த சொல் அது. வளைந்து வளைந்து பறக்கும் உள்ளானைச் சுட்டு வீழ்த்துவது எளிதன்று.

வேட்டை மரபும் கண்ணாடி வில்லைத் தொழிலும் வளர்ந்திருந்த ஜேர்மனியர், தொலைநோக்கி பூட்டிய றைபிள்களுடன் முதலில் களத்துக்கு வந்தனர். பிரித்தானியர் பிந்தியே விழித்துக்கொண்டனர். அவர்களது லீ என்பீல்ட் றைபிளில் ஐந்து ரவைகள் கொண்ட கிளிப்பை மேற்புறமாகவே செலுத்த வேண்டும். தொலைநோக்கியை மேலே பூட்டினால் அந்த வழி அடைபடும். எனவே குழலுக்கு இடப்பக்கமாகத் தள்ளிப் பூட்டினார்கள். ரவை ஏற்றுவது இலகுவாயிற்று; குறிபார்ப்பது சிக்கலாயிற்று.

கணக்கு மிக எளியது. தொலைநோக்கி குழலுக்கு ஐந்து சென்ரிமீற்றர் இடப்புறம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 மீற்றரில் பார்வைக்கோடும் ரவை செல்லும் கோடும் சந்திக்குமாறு சரிசெய்தால், 200 மீற்றரில் ரவை ஐந்து சென்ரிமீற்றர் இடப்பக்கம் விலகும். 300 மீற்றரில் பத்து. மனிதத் தலையின் அகலமே ஏறத்தாழப் பதினைந்து சென்ரிமீற்றர்தான்.

இன்னொரு வேடிக்கையும் நிகழ்ந்தது. அகழி விளிம்பில் இரும்புத் தகடு நிறுத்தி, அதிலுள்ள சிறு துவாரத்தின் ஊடாகச் சுடுவது வழக்கம். பக்கவாட்டில் தொலைநோக்கி உள்ள றைபிளைத் துவாரத்துக்குள் நுழைத்தால், குழல் எதிரியைப் பார்க்கும்; தொலைநோக்கி தகட்டைப் பார்க்கும்!

இக்குறைகளைக் கண்டறிந்து களைவதில் முன்னின்றவர் வேர்னன் ஹெஸ்கெத் பிரிச்சர்ட். 1876இல் இந்தியாவின் ஜான்சியில் பிறந்தவர். கிரிக்கெட் வீரர், நாடுகாண் பயணி, கதாசிரியர். 1915இல் இராணுவம் அவருக்குக் கொடுத்த வேலை, போர்முனைக்கு வரும் பத்திரிகையாளர்களை அழைத்துச் செல்வது. அதனாலேயே எனக்கு அவர்மீது ஒரு தனிப் பிரியம். எங்கள் தொழிற்காரரைக் கூட்டிக்கொண்டு அகழி அகழியாகச் சென்றவர், எவரும் கேளாத கேள்வியைக் கேட்டார்: இந்தத் துப்பாக்கிகள் நேராகச் சுடுகின்றனவா?

பல சுடவில்லை. தொலைநோக்கி பூட்டிய றைபிள் அகழிக்குரிய பொருளாகக் கருதப்பட்டது. ஒரு படைப்பிரிவு விலகும்போது, வாளி மண்வெட்டி போல அடுத்த பிரிவிடம் கைமாறியது. முன்னவன் அதை எந்தத் தூரத்துக்குச் சரிசெய்தான், எப்போது கீழே போட்டான், எந்தத் திருகாணியைத் திருகினான் என்பது பின்னவனுக்குத் தெரியாது. வில்லையில் குறை இல்லை, பொருத்திலேயே குறை.

பொருத்து அசைந்தால் என்ன ஆகும்? தொலைநோக்கியின் இரு பிடிகளுக்கும் இடையே 15 சென்ரிமீற்றர் தூரம் எனக் கொள்வோம். ஒரு பிடி, காகிதத் தாளொன்றின் தடிப்பளவு, அதாவது 0.1 மில்லிமீற்றர் நகர்ந்தால் போதும். 300 மீற்றரில் ரவை 20 சென்ரிமீற்றர் விலகும். கண்ணுக்குத் தெரியாத அசைவு. உயிரோடு விளையாடும் விலகல்.

ஆயுதம் திருத்துவோர் இதற்கு எளிய சோதனை ஒன்றை அறிந்திருந்தனர். நன்றாகச் சுடத் தெரிந்தவரைக் கொண்டு, தூரம் அளந்த இலக்கில் சில ரவைகளைச் சுடச் செய்வது. துளைகள் ஓரிடத்தில் நெருக்கமாக, ஆனால் மையத்துக்கு அப்பால் விழுந்தால், அது குறியை நகர்த்தித் தீர்க்கக்கூடிய பிழை. துளைகள் சிதறினால், எங்கோ ஏதோ தளர்ந்திருக்கிறது. அப்போது குறியை நகர்த்துவது வீண். முதலில் திருகாணிகளையும் பிடிகளையும் இறுக்க வேண்டும். தளர்ந்த பொருத்தின் மேல் செய்யும் திருத்தம், மணலில் நட்ட தூண்.

1916இல் பிரித்தானிய முதலாம் படைக்கென ஒரு சினைப்பர் பயிற்சிப் பள்ளியைப் பிரிச்சர்ட் நிறுவினார். சுடுவதோடு, துப்பாக்கியைச் சோதிப்பதும் பேணுவதும் அங்கே பாடமாயின. தமது அனுபவங்களை 1920இல் நூலாக எழுதினார், 1922இல் காலமானார்.

பாடம் அடுத்த போரில் முழுமை பெற்றது. 1942 முதல் இலண்டனின் ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் நிறுவனம் நான்காம் இலக்க லீ என்பீல்ட் றைபிள்களில் 20,000க்கும் மேற்பட்டவற்றைச் சினைப்பர் றைபிள்களாக மாற்றியமைத்தது. தாங்கி இடப்பக்கத்தில் பூட்டப்பட்டாலும், தொலைநோக்கி குழலுக்கு மேலே வந்தது. கன்னம் பதிந்து கண் உயர்வதற்காகப் பிடங்கில் மரக்கட்டை ஒன்று சேர்க்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொலைநோக்கியின் இலக்கம் பிடங்கிலும், றைபிளின் இலக்கம் தாங்கியிலும் பொறிக்கப்பட்டன. இன்னாருக்கு இன்னார் என்று முடிச்சுப் போட்டாயிற்று. வாளி மண்வெட்டியாகக் கைமாறிய காலம் முடிந்தது.

துப்பாக்கியைப் போற்றுவதற்காக இதை எழுதவில்லை. 1983 முதல் 2009 வரை போரைச் செய்தியாக எழுதிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். நேராக்கப்பட்ட ஒவ்வொரு றைபிளும் எதிர் அகழியில் ஒரு தாயின் பிள்ளையைத் தேடியது என்பதை மறந்து இந்த வரலாற்றை வாசிக்க என்னால் இயலாது.

ஆயினும் மனதை விட்டு அகலாத ஒன்று உண்டு. குறி தவறியபோதெல்லாம் 'சுடத் தெரியாதவன்' என்ற பெயர் அந்தச் சிப்பாய்க்கே கிடைத்திருக்கும். அடுத்த முறை சரியாகச் சுட வேண்டுமென்று அவன் தலையை இன்னும் சற்று நேரம் உயர்த்தி வைத்திருப்பான். எதிரே சரியாகப் பூட்டிய தொலைநோக்கி காத்திருக்கும். பொருத்தில் இருந்த பிழைக்கு அவன் உயிரால் விலை கொடுத்தான்.

அகழிகளில் மட்டுமா இது நடக்கிறது? ஒரு காரியம் பிசகும்போது, கடைசியாகக் கைவைத்தவனைப் பிடித்துக் கேட்பதுதான் எங்கும் வழக்கம். அதற்கு முன் ஒருமுறை திருகாணிகளைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.