நான்கு தாதியர் வகுத்த நெறி

சுளுக்கு விழுந்த இடத்தை நீவிவிடுவதும், பச்சிளங் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் கைகால் பிடித்துவிடுவதும் நம் வீடுகளில் நெடுங்காலமாக உள்ள வழக்கங்கள். அங்கே தொடுகின்ற கை பாட்டியின் கை. ஆதலால் அதன் தகுதியை எவரும் வினவுவதில்லை. ஆனால் முன்பின் அறியாத ஒருவர் கூலி பெற்றுக்கொண்டு நம் உடம்பைத் தொடும்போது, அவருக்கு அந்த உரிமையை அளித்தது யார் என்னும் வினா எழத்தானே செய்யும்? இவ்வினா இலண்டன் மாநகரில் 1894-ஆம் ஆண்டு பெரும் புயலாகவே எழுந்தது.

அதன் காரணத்தை முதலில் சொல்லுகிறேன். அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகர மருத்துவர் வேர் மிட்செல் என்பவர், நரம்புத் தளர்ச்சியுற்றோரைப் பல வாரம் படுக்கையில் கிடத்தி, ஊட்டமான உணவளித்து நலப்படுத்தும் முறை ஒன்றைப் பரப்பினார். அசையாது கிடப்பவரின் தசைகள் மெலியுமல்லவா? அதற்கு ஈடாக நாள்தோறும் உடம்பை நீவிப் பிசைந்துவிடும் மசாஜ் சிகிச்சையையும் சேர்த்தார். 1880-களில் இம்முறை இலண்டனிலும் பரவ, மசாஜ் அறிந்த பெண்களுக்குத் தேவை பெருகிற்று. இத்தொழிலை யாரும் கற்பிக்கலாம், யாரும் சான்றிதழ் வழங்கலாம், தடுக்கச் சட்டமில்லை. இந்நிலையில்தான், மசாஜ் நிலையங்கள் என்னும் பெயர்ப் பலகைக்குப் பின்னால் சில வீடுகளில் ஒழுக்கக்கேடான வாணிகம் நடைபெறுவதாகப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் மருத்துவ இதழ் 1894-இல் எழுதியது. நேர்மையாக உழைத்த பெண்களின் தலையிலும் பழி விழுந்தது.

அப்பழியைக் கண்டு ஒதுங்காதவர் நால்வர்: லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மான்லி, மார்கரெட் பால்மர். தாதித் தொழிலில் தேர்ந்தவர்கள் இவர்கள். 'நாங்கள் நல்லவர்கள்' என்று இதழுக்கு மறுப்பு எழுதுவதோடு நின்றிருந்தால் இன்று அவர்களை நாம் நினைக்கமாட்டோம். பயிற்சி பெற்ற மசாஜ் மகளிர்க்கென அவர்கள் ஒரு சங்கம் கண்டனர், தேர்வு அமைத்தனர், நெறிகளை எழுதி வைத்தனர். மருத்துவர் பணித்தாலன்றி எவர்க்கும் மசாஜ் செய்தல் ஆகாது. ஆடவர்க்குப் பொதுவாகச் செய்தல் ஆகாது. இன்றியமையாத நேர்வில் மருத்துவர் கூறினால் மட்டும் விலக்கு உண்டு. மருத்துவ இதழ்களிலன்றி வேறெங்கும் விளம்பரம் கூடாது. நோயாளியிடம் மருந்துகளை விற்றல் கூடாது.

இறுதியாகச் சொன்ன விதியை நான் மிகவும் மதிக்கிறேன். வலியால் துவண்டு படுத்திருப்பவரிடம் ஒரு தைலப் புட்டியை விற்பது எத்துணை எளிது! அந்த எளிமையே அதிலுள்ள தீமை.

தேர்வு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கைப்பழக்கம் ஒன்றே போதாதா? போதாது. கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து வலிக்கிறது என்று ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தசைப்பிடிப்பு என்று எண்ணி அழுத்திப் பிசைந்தால் என்ன ஆகும்? உள்ளே சிரையில் குருதி உறைந்திருக்குமானால், அவ்வுறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்று உயிரையே மாய்க்கக்கூடும். காய்ச்சலுற்றவர், தோலில் தொற்றுநோய் உள்ளவர், எலும்பு முறிந்தவர் ஆகியோரிடத்தும் விரைந்து கைவைத்தல் தகாது. எங்கே தொடவேண்டும் என்பதைப் பழக்கம் கற்பித்துவிடும். எங்கே தொடக்கூடாது என்பதை உடற்கூற்று நூலைக் கற்றவரே அறிவர். நகத்தை ஒட்ட நறுக்குதல், கையைக் கழுவுதல், செய்யப்போவதை முன்கூட்டிச் சொல்லி இசைவு பெறுதல், வேண்டிய பகுதி நீங்கலாக உடம்பைப் போர்த்தி வைத்தல் ஆகியன சிறிய செயல்களாகத் தோன்றும். ஆயினும் நோயாளியின் நம்பிக்கை இவற்றின்மீதே நிற்கிறது.

முதல் உலகப் போர் 1914-இல் மூண்டபோது, காயமுற்ற வீரர்க்குப் பணிபுரியப் பயிற்சி பெற்ற கைகள் ஆயத்தமாக இருந்தன. போரில் கண்ணிழந்த வீரர் சிலரும் இலண்டனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்னும் நிலையத்தின் வாயிலாக இக்கலையைக் கற்றுத் தேறிப் பிறருக்குத் துணையாயினர். 1920-இல் சங்கத்திற்கு அரச பட்டயம் கிடைத்தது.

மருத்துவரின் ஆணைக்குக் கட்டுப்படுவோம் என்ற விதிக்கு ஒரு விலையும் இருந்தது. களங்கம் துடைக்க அன்று அது கேடயமாயிற்று. பின்னரோ, கற்றுத் தேர்ந்தவரும் தம் அறிவைக்கொண்டு தாமே முடிவு செய்யவொட்டாத தளையாயிற்று. அத்தளை தளர்ந்து, பிரிட்டனின் இயன்முறை மருத்துவர்கள் தாமே சிகிச்சையை முடிவு செய்யும் உரிமை பெற்றது 1977-இல். அதற்கு முன்பே, 1944-இல், சங்கம் தன் பெயரை இயன்முறை மருத்துவச் சங்கம் என மாற்றிக்கொண்டிருந்தது. நால்வரும் எந்தச் சொல்லின் மானத்தைக் காக்கப் புறப்பட்டார்களோ, அந்த 'மசாஜ்' என்னும் சொல் அப்பெயரில் இடம்பெறவில்லை.