நான்கெல்லையும் புலப்படமும்: தமிழகத்தில் நில எல்லை வரையறையின் வரலாற்று வளர்ச்சி

தமிழ்நாட்டில் ஊர்ப்புறத்து நிலம் ஒன்று கைமாறும்போது அதன் எல்லை இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. கிரையப் பத்திரத்தின் சொத்து விவரம், நான்கு திசைகளிலும் யாருடைய நிலம், எந்த வாய்க்கால், எந்தப் பாதை உள்ளது என்று கூறும். நில அளவைத் துறையின் புலப்படம் அதே எல்லையைக் கற்களாகவும் அவற்றுக்கு இடைப்பட்ட தூரங்களாகவும் காட்டும். முன்னது அக்கம்பக்கத்தாரின் அறிவைச் சார்ந்தது. பின்னது அளவைச் சார்ந்தது. இரண்டும் வெவ்வேறு தேவைக்காகத் தோன்றியவை. அவை முழுமையாக இணைக்கப்படாமல் தொடர்ந்ததே, புதிதாக வாங்கிய நிலத்தை மறுபடி அளந்து கல் நட வேண்டியிருப்பதற்கு அடிப்படைக் காரணம்.

சோழர் காலம்

சோழர் செப்பேடுகளில் எல்லை குறித்தல் ஊரறியச் செய்யும் சடங்காகக் காணப்படுகிறது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் அளித்த ஆனைமங்கலத்தின் எல்லைகளை ஆனைமங்கலச் செப்பேடு விரிவாகத் தருகிறது. அந்நாட்டுச் சபையாரான நாட்டார் கூடிப் பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, அது சென்ற வழியில் கல்லும் கள்ளியும் நட்டனர். கல் புதையலாம், பெயர்க்கப்படலாம். ஆடுமாடு மேயாத கள்ளியோ வேலியாகத் தழைத்து எல்லையைக் காட்டி நிற்கும். கோயில் நிலங்களுக்குத் தனி அடையாளம் இருந்தது. சிவன் கோயில் நிலத்தில் சூலக்கல்லும், திருமால் கோயில் நிலத்தில் ஆழிக்கல்லும், சமணப் பள்ளிக்கு விட்ட பள்ளிச்சந்த நிலத்தில் முக்குடைக்கல்லும் நடப்பட்டன.

எல்லையைச் சுற்றி நடந்து குறித்தலோடு பரப்பு அளத்தலும் நடந்தது. இராசராசன் காலத்தில் ஏறத்தாழ கி.பி. 1001இல் பெரிய நில அளவை மேற்கொள்ளப்பட்டது. 1086இல் முதலாம் குலோத்துங்கன் மற்றோர் அளவையை நடத்தினான். பதினாறு சாண் கோல் போன்ற அளவுகோல்கள் பயன்பட்டன. அவற்றின் நீளம் கோயில் சுவர்களில் பொறிக்கப்பட்டதால், ஐயம் எழுந்தால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. பரப்பின் அலகு வேலி. வேலியில் இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி.

தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு வேலியின் 52,42,88,00,000இல் ஒரு பங்குவரை கணக்கிடப்பட்டிருப்பது அக்கால அளவையின் நுட்பத்துக்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுகிறது. வேலியை இன்றைய வழக்கப்படி சுமார் 6.6 ஏக்கராகக் கொண்டால் இப்பங்கு அரை சதுர மில்லிமீட்டர் அளவே வரும். எந்தக் கோலாலும் தரையில் அளக்க இயலாத பரப்பு இது. ஆகவே இது நில வரியைப் பகிர்வதற்குக் கணக்கர் கையாண்ட பின்னக் கணக்கைக் காட்டுகிறது. களத்தில் எல்லை எவ்வளவு துல்லியமாக வரையப்பட்டது என்பதைக் காட்டவில்லை. எல்லைக்கு அப்போதும் கல்லும் கள்ளியும் கண்ட சாட்சிகளுமே ஆதாரம்.

பைமாஷ் கணக்கும் ரயத்துவாரியும்

பிற்காலத்தில் கிராமக் கணக்குகள் கணக்குப்பிள்ளையின் பொறுப்பில் இருந்தன. பைமாஷ் எண் எனப்படும் வரிசை எண்ணால் நிலங்கள் குறிக்கப்பட்டன. அந்த எண்ணுக்கு உத்தேசப் பரப்பும் நான்கெல்லையும் உண்டு, வரைபடம் இல்லை. பழைய பத்திரங்களில் இவ்வெண்களைக் காணலாம். அவற்றைப் பின்னாளைய சர்வே எண்ணோடு பொருத்துவது இன்றும் உரிமை ஆய்வில் சிக்கலான வேலை.

1792இல் பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தபின் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் அங்கே வயல் வயலாக அளந்து தீர்வை விதித்தனர். 1820இல் சென்னை ஆளுநரான மன்றோ, ரயத்துவாரி முறையை மாகாணத்தில் பரவலாக்கினார். ஒவ்வொரு உழவரும் அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டும் இம்முறைக்கு, ஒவ்வொரு வயலின் பரப்பும் தெரிந்தாக வேண்டும். 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவை இதனின்று வேறானது. அது நிலப்பரப்பின் வடிவத்தையும் நாட்டின் வரைபடத்தையும் நோக்கியது. வயல் வரப்புகளை அளக்கவில்லை.

சங்கிலி, கல், புலப்படம்

வயல்களுக்கான முறையான அளவை 1858இல் அமைந்த வருவாய் சர்வே துறையால் தொடங்கியது. முதலில் தியோடலைட் கொண்டு கிராமத்தின் வெளி எல்லை அளக்கப்பட்டது. பின் உள்ளே புலங்கள் அளக்கப்பட்டன. 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட கண்டர் சங்கிலி அளவுகருவி. ஒரு சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் உள்ள சதுரம் 10 சென்ட். அத்தகைய பத்துச் சதுரங்கள் ஓர் ஏக்கர். இன்றும் ஊர்ப்புறத்தில் விலை பேசப்படும் சென்ட் இக்கணக்கில் அடங்கியதே.

புலத்தின் மூலைக்கல்லிலிருந்து எதிர் மூலைக்கல்லுக்கு மூலைவிட்டக் கோடு இழுத்து, அதிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்துத் தூரம் அளந்து குறித்தனர். இக்குறிப்புகளைக் கொண்டதே புல அளவைப் புத்தகம். கல் காணாமற்போனாலும், எஞ்சிய கற்களிலிருந்து இத்தூரங்களை அளந்து அது நின்ற இடத்தை மீட்க முடியும். சாட்சிகள் நினைவுகூர்ந்த எல்லையைப் புதியவர் ஒருவரும் தரையில் திரும்பக் காணும்படி செய்தது இப்புத்தகத்தின் பெரிய பயன்.

எல்லாக் கிராமங்களும் ஒரே காலத்தில் இம்முறைக்குள் வரவில்லை. 1802ஆம் ஆண்டின் நிரந்தரத் தீர்வைக்கு உட்பட்ட ஜமீன்களில் அரசு வயல் வயலாக அளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்கும் 1963ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டங்களுக்கும் பிறகே ஜமீன், இனாம் ஊர்கள் பல ரயத்துவாரிக் கணக்குக்கு மாறின.

எல்லைக்குச் சட்ட வடிவம்

1860, 1897ஆம் ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின் வந்த 1923ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டமே இன்றும் நடைமுறையில் உள்ளது. அளவைக்கு முன் அறிவிப்பு, எல்லைத் தகராறில் இரு தரப்பையும் விசாரித்தல், மேல்முறையீடு ஆகியவற்றுக்கு அது வழி செய்கிறது. அளவை முடிந்ததாக அறிவிக்கப்பட்டபின், நீதிமன்றம் மாற்றாதவரை அதில் பதிவான எல்லையே முடிவான சான்று. பாதிக்கப்பட்டவர் மூன்று ஆண்டுக்குள் உரிமையியல் வழக்குத் தொடுக்கலாம். எல்லைக் கற்களைப் பேணுவது நில உரிமையாளரின் கடமை.

பத்திரப் பதிவு வேறு பாதையில் வளர்ந்தது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி, சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் ஆவணத்தில் இருக்க வேண்டும். அரசு வரைபடத்தைச் சுட்டி விவரிக்கும்படி விதி செய்ய அச்சட்டம் இடமளிக்கிறது. எனினும், அடையாளம் காண முடிந்தால் ஆவணத்தைப் பதியவும் வழி வைக்கிறது. இதனால், களத்தில் அளக்காமலே ஒரு புலத்தின் கீழ்புறம் 40 சென்ட் என எழுதி விற்பது இயல்பாயிற்று. வாய்மொழிப் பாகப்பிரிவினைகளும் இப்போக்குக்குத் துணைபோயின. பத்திரத்தில் பரப்பும் நான்கெல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லையே மேலோங்கும் என்பது நீதிமன்றங்கள் பின்பற்றும் நெறி.

இடைவெளியைக் குறைக்கும் முயற்சி

1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் அனுபவதாரர் பெயர்களையும் உட்பிரிவுகளையும் புதுப்பித்தது. பரப்பு ஹெக்டேர், ஏர் அலகுகளுக்கு மாறியது. அத்திட்டத்தில் நேர்ந்த பெயர், பரப்புப் பிழைகள் பட்டா வழக்குகளில் இன்றும் வருகின்றன. 1980இல் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. எந்தக் கல் எங்கே இருந்தது என்று தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த குடும்பங்களின் இடத்தில், பணிமாறுதலுக்கு உட்பட்ட கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பின்னர்ப் பட்டாவும் புலப்படமும் கணினிக்கு ஏற்றப்பட்டன.

புதிதாக வாங்கிய நிலத்தின் அளவை

முழுப் புலத்தையும் வாங்குபவருக்கு உட்பிரிவு தேவைப்படாத பட்டா மாறுதல் போதும். புலத்தின் ஒரு பகுதியை வாங்கினால் உட்பிரிவு செய்தாக வேண்டும். அப்போது நில அளவர் பக்கத்து நிலத்தாருக்கு அறிவிப்புத் தந்து, புலப்படத்தில் உள்ள கற்களில் எவை இடம் மாறாமல் நிற்கின்றன என்று முதலில் சோதிப்பார். அவற்றுக்கு இடைப்பட்ட தூரம் படத்தோடு ஒத்தால் அவற்றை அடிப்படையாகக் கொண்டு விடுபட்ட கற்களின் இடத்தை மீட்பார். அதன்பின் பத்திரப்படியான பகுதியை அளந்து பிரிப்பார். பிரிந்த பகுதிகளின் கூட்டுத்தொகை தாய்ப் புலத்தின் பரப்போடு ஒத்துவர வேண்டும். வட்டாட்சியரின் ஆணைக்குப் பின் புது உட்பிரிவு எண்ணும் பட்டாவும் கிடைக்கும்.

வேறுபாடுகள் பெரும்பாலும் இந்நிலையில்தான் வெளிப்படுகின்றன. உழவின்போது பெயர்ந்த கல், நகர்ந்த வரப்பு, அகன்ற பாதை, மூதாதையர் உத்தேசமாக எழுதிய பரப்பு ஆகியவை வழக்கமான காரணங்கள். நில அளவர் எல்லையைக் காட்டலாம். உரிமையைத் தீர்மானிக்க இயலாது. உரிமைத் தகராறு எழுந்தால் உரிமையியல் நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, நில அளவர் துணையோடு அறிக்கை பெறும்.

முடிவுரை

எல்லை வரையறை கல், கோல், சங்கிலி, கணினி எனக் கருவிகளில் மாறியபோதும், அக்கம்பக்கத்தாரின் இசைவு அதிலிருந்து விலகவில்லை. செப்பேட்டுக் காலத்து நாட்டாரின் இடத்தில் இன்று அறிவிப்புப் பெறும் பக்கத்துப் பட்டாதாரர் உள்ளனர். மாறியது சான்றின் வடிவம்: நினைவிலும் சாட்சியிலும் இருந்த எல்லை, மீண்டும் அளந்து சரிபார்க்கத்தக்க எண்களாயிற்று. ஆயினும் உரிமையைச் சொல்லும் பத்திரமும் எல்லையைச் சொல்லும் புலப்படமும் தனித்தனித் துறைகளில் உருவானதால், இரண்டையும் தரையில் ஒத்துப்பார்க்கும் பொறுப்பு ஒவ்வொரு விற்பனையிலும் வாங்குபவரிடமே வந்து சேர்கிறது.